மீன் தொட்டி ‘ஷிஃப்டிங்’ செய்து தருகிறோம் என்பவர்களிடம் கவனம்

சின்னத் தொட்டியிலிருந்து பெரிய தொட்டிக்கு மீன்களை மாற்றப் போகிறவர்கள் ஆள் கூப்பிடும் முன் இதைப் படித்துவிடுங்கள். இது சென்னையில் எங்கள் வீட்டில் நடந்தது.

நான்கு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் தொட்டி வாங்கினோம். சுமார் 250 லிட்டர் பிடிக்கும். "ஷிஃப்டிங்கும் நாங்களே பண்ணிடுறோம் சார், சாயங்காலமே மீன் புது டேங்க்ல இருக்கும்" என்றார் கடைக்காரர். அதற்குத் தனியாக 4,000 ரூபாய். பழைய ஃபில்டரில் இருக்கும் ஸ்பாஞ்சையும் செராமிக் ரிங்கையும் அப்படியே புதுத் தொட்டிக்குப் போட வேண்டும் என்று முதலிலேயே சொன்னேன். சரி என்றார்.

நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் இரண்டு பையன்கள் வந்திருக்கிறார்கள். கூழாங்கல்லைக் குழாயடியில் வைத்து வெள்ளை வெளேரென்று ஆகும்வரை கழுவினார்களாம். "அழுக்கா இருக்கு அக்கா" என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டு ஸ்பாஞ்சையும் ரிங்கையும் குப்பைக் கவரில் கட்டிவிட்டார்கள். புதிது போட்டதற்குத் தனி பில். மெட்ரோ வாட்டரை நிரப்பி, குளோரினை நீக்கும் மருந்து சில சொட்டு, ‘பாக்டீரியா லிக்விட்’ ஒரு மூடி. காற்றே விடாத பக்கெட்டில் கிடந்த மீன்களை அப்படியே கவிழ்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அந்த ‘அழுக்கில்’தான் மீனின் உயிர் இருந்தது. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு அவ்வளவு ஆபத்தில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பெரும்பாலும் தண்ணீரில் மிதப்பதில்லை. ஸ்பாஞ்ச், ரிங், கல் ஆகியவற்றின் மேல் ஒட்டி வாழ்கிறது. குளோரின் தண்ணீரில் அலசினால் அதில் நிறையச் செத்துவிடலாம். புதிதாக வளர வழக்கமாக 4 முதல் 6 வாரம் ஆகும்.

மறுநாளே ஏஞ்சல் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அடுத்து வந்த நாளில் சோதித்தால் அமோனியா 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்). அது துளியும் இருக்கக் கூடாது. தண்ணீரின் பிஎச் 7-லிருந்து 8-க்கு ஏறினால், விஷமாக இருக்கும் அமோனியாவின் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகிறது. சூடு கூடினாலும் ஏறும். கடைக்குப் போன் செய்தால் "வெயில் சார், மருந்து போடுங்க" என்று ஒரு பாட்டிலைக் கொடுத்தனுப்பினார்கள். லேபிளைப் படித்தேன்: காப்பர் கலந்தது. இறாலுக்கும் நத்தைக்கும் அது விஷம். செர்ரி இறாலும் நத்தையும் இருக்கும் தொட்டியில் காப்பரை ஊற்றச் சொல்கிறவரை என்னவென்று சொல்வது? அதை ஊற்றவில்லை. தண்ணீரைப் பாதி பாதியாக மாற்றி, நண்பர் வீட்டில் ஓடிக்கொண்டிருந்த ஸ்பாஞ்ச் ஒன்றை வாங்கிப் போட்ட பிறகுதான் சாவு நின்றது. அதற்குள் ஏஞ்சலில் ஒன்றுதான் மிச்சம். அடியில் மேயும் சின்னக் கெளுத்தி வகையான கோரிகள் தப்பின.

இடமிருந்தால் புது ஃபில்டரைச் சில வாரம் பழைய தொட்டியிலேயே ஓட விடுங்கள். இல்லையென்றால் மாற்றும் நாளில் பழைய ஸ்பாஞ்சும் ரிங்கும் பழைய தண்ணீரிலேயே நனைந்தபடி இருக்கட்டும், காயக் கூடாது. மீன்கள் பழைய தண்ணீர் உள்ள மூடிய பக்கெட்டில், காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் ஓட இருக்க வேண்டும். அப்புறம் புதுத் தொட்டித் தண்ணீரை அரை மணி, ஒரு மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, வலையால் எடுத்துப் புதுத் தொட்டியில் விடுங்கள். இறாலுக்கு ஏர் டியூபில் தளர்வாக முடிச்சுப் போட்டு, அதன் வழியே புதுத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக இன்னும் நிதானமாகச் சேர்க்க வேண்டும். ஒரு வாரமாவது தீனியைக் குறைத்து, தினமும் அமோனியாவும் நைட்ரைட்டும் பாருங்கள்.

கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன். பில்லில் ‘ஷிஃப்டிங்’ என்ற வார்த்தையே இல்லை, ‘ஆக்சஸரீஸ்’ என்று மொத்தமாகப் போட்டிருக்கிறார்கள். நீங்கள் ஆள் வைத்தால், என்ன வேலை, எதைத் தூக்கி எறியக் கூடாது என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பழைய ஃபில்டரைத் திறக்கும்போது வீட்டில் ஒருவர் பக்கத்திலேயே நில்லுங்கள்.