நேரடி இணைப்பா, தற்காலிக ஸ்டோமாவா?

குடலை வெட்டியபின் இரு முனைகளையும் அப்போதே இணைத்துவிடலாம். அல்லது இணைத்துவிட்டு, அதற்கு மேலே சிறுகுடலை வயிற்றில் வெளியே எடுத்து மலத்தைப் பைக்குத் திருப்பலாம்; வயிற்றில் வைக்கும் அந்தத் திறப்புதான் ஸ்டோமா. தையல் ஆறுவதைத் தீர்மானிப்பது ரத்த ஓட்டம்: வெட்டிய விளிம்பில் சிவப்பு ரத்தம் கசிய வேண்டும், தைத்த இடம் இழுபடக் கூடாது. மலக்குடலின் அடிப்பகுதியில் இணைத்தால் ஸ்டோமாவே மேல். தைத்த இடத்தில் மலம் கசிவதை அது முழுதாகத் தடுக்காது. கசிந்தால் வரும் ஆபத்தைக் குறைக்கும்.

நேரடி இணைப்பில் முதல் வாரம் காய்ச்சல், நாடி வேகம், கூடும் வலியைக் கவனியுங்கள். புகை ரத்தக்குழாயைச் சுருக்கும்; கட்டாயம் நிறுத்துங்கள்.

ஸ்டோமா ஈரமாய்ச் சிவந்திருக்க வேண்டும், கறுத்தால் உடனே மருத்துவமனை. காரைக்குடி வெயிலில் நீரிழப்பு சீக்கிரம் வரும். பையில் நாளுக்கு 1.5 லிட்டர் தாண்டினால் வெறும் தண்ணீர் போதாது, ஓ.ஆர்.எஸ். குடித்து மருத்துவரை அழையுங்கள். முதல் 6 வாரம் கவுனி அரிசியும் தேங்காய்ச் சில்லும் அடைத்துக்கொள்ளும், இடியாப்பம் நல்லது.