குழாய் முனையை அடைக்க எது சரி: கூம்பா, கூர்விளிம்பா, ஓ-ரிங்கா?

ஹைட்ரோஃபார்மிங் (குழாயை டை எனும் அச்சுக்குள் வைத்து, உள்ளே நீர் அழுத்தம் ஏற்றி அச்சின் வடிவத்துக்கு விரிப்பது) என்றதும் டையின் வடிவம், பிரஸ்ஸின் டன்னேஜ், பம்பின் அழுத்தம் என்றுதான் பேச்சு போகும். குழாயின் இரண்டு முனைகளையும் பற்றி அவ்வளவாக யாரும் கவலைப்படுவதில்லை. முதல் சோதனை ஓட்டத்தில் அழுத்தமானி பாதியில் நின்று, டையின் ஓரத்தில் தண்ணீர் பீய்ச்சும்போதுதான் அந்தக் கவலை வருகிறது.

முனை அடைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது "எத்தனை பார் (அழுத்த அலகு) தாங்கும்?" என்பதே பலருக்கும் முதல் கேள்வி. என்னைக் கேட்டால் அது இரண்டாவது கேள்வி. முதலில் கேட்க வேண்டியது, உருவாகும்போது குழாயின் முனை எவ்வளவு தூரம் உள்ளே நகர வேண்டும் என்பது. அதற்கு விடை தெரிந்தாலே முக்கால்வாசி முடிவு வந்துவிடும்.

முதலில் எல்லா வகைக்கும் பொதுவான ஒரு கணக்கு. உள்விட்டம் 50 மி.மீ., சுவர்த் தடிமன் 2 மி.மீ. உள்ள எஃகுக் குழாயை எடுத்துக்கொள்வோம். உள்ளே 2000 பார் ஏறினால், முனையில் நிற்கும் பஞ்சை (punch: முனையை அடைக்க சிலிண்டர் தள்ளும் எஃகுத் துண்டு) நீர் வெளியே தள்ளும் விசை சுமார் 40 டன். ஒவ்வொரு பக்கமும் உள்ள சிலிண்டர் அதைத் தாங்கியே ஆக வேண்டும். குழாயை அச்சுத் திசையில் நசுக்கி உள்ளே ஊட்ட வேண்டுமென்றால், சுவரைப் பணிய வைக்க மட்டும் இன்னும் ஏறக்குறைய 10 டன் வேண்டும் (பணிவு வலிமையை, அதாவது உலோகம் நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் அளவை, 300 மெகாபாஸ்கல் என்று வைத்தால்). டைச் சுவரில் ஏற்படும் உராய்வு இதற்கு மேல். "ஓ-ரிங் (ரப்பர் வளையம்) போட்டால் சின்ன சிலிண்டர் போதும்" என்று சொல்பவர்கள் இந்த 40 டன்னை மறந்துவிடுகிறார்கள். ஓ-ரிங்கால் மிச்சமாவது உலோகத்தைக் கடித்து அடைக்கத் தேவையான கூடுதல் விசை மட்டுமே. நீரின் எதிர்த்தள்ளல் எங்கும் போகாது. இரண்டு முனைப் பஞ்சுகளையும் குழாய்க்குள் ஒரே தண்டால் இணைத்து, விசையைத் தண்டுக்குள்ளேயே சமன் செய்தால்தான் அது குறையும். வெப்பப் பரிமாற்றியின் குழாய்களை அவற்றின் தகட்டுத் துளைகளுக்குள் நீர் அழுத்தத்தால் விரிக்கும் கருவிகள் இப்படித்தான் வேலை செய்கின்றன.

கூம்புப் பஞ்ச்

பழைய முறை, எளிய முறை. கடினப்படுத்திய எஃகுக் கூம்பு முனைக்குள் நுழைந்து, குழாயின் வாயைச் சற்றே விரித்து, அதை டைச் சுவரோடு சேர்த்து நெரிக்கிறது. ரப்பரே கிடையாது, உலோகத்தின்மேல் உலோகம். இதன் பெரிய பலம் பொறுமை. வெட்டு கொஞ்சம் கோணலாக இருந்தாலும், நீளம் ஒரு மில்லிமீட்டர் கூடக் குறைய இருந்தாலும், வாய் முழு வட்டமாக இல்லாவிட்டாலும் கூம்பு சமாளித்துக்கொள்ளும். ரம்பத்தில் வெட்டிய குழாய்கள் வரிசையாக வரும் இடத்தில் இந்தக் குணத்துக்கு மதிப்பு அதிகம்.

சிக்கல் இரண்டு. கூம்புக்குப் பொருந்தும் சாய்வை டையின் வாயிலும் வெட்டியிருந்தால், குழாயின் முனை இரண்டுக்கும் நடுவே ஆப்படித்ததுபோல் மாட்டிக்கொள்கிறது. அடைப்பு பிரமாதம்தான், ஆனால் உலோகம் உள்ளே போகாது. நடுவில் குழாய் விரிய விரியச் சுவர் அங்கேயே மெலியும். இன்னொன்று, விரிந்த வாயை அப்படியே வைத்துக்கொள்ள முடியாது, வெட்டி எறிய வேண்டும். வெல்டு செய்த குழாயில் வாய் விரியும்போது வெல்டுக் கோட்டிலேயே கீறல் விழுவதும் உண்டு. அலுமினியம் என்றால் கூம்பில் உலோகம் ஒட்டிப் பிடித்து அடுத்தடுத்த குழாய்களைச் சுரண்டும். அதனால் மெருகிலும் பூச்சிலும் சிக்கனம் பார்க்கக்கூடாது.

நீளமான, வளைத்த பாகங்களுக்கு நான் தயங்காமல் கூம்பைத்தான் சொல்வேன். முனையில் என்னதான் தள்ளினாலும் உராய்வின் காரணமாக அந்தத் தள்ளல் சில விட்ட தூரத்துக்கு மேல் போய்ச் சேராது. நடுவே வளைவு ஒன்று இருந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். 1997-இல் வந்த ஐந்தாம் தலைமுறை கார்வெட்டின் பக்கவாட்டுச் சட்டங்கள் ஹைட்ரோஃபார்மிங்கில் செய்யப்பட்டவை, காரின் நீளத்துக்கே கிட்டத்தட்ட ஓடுபவை. அந்த மாதிரிப் பாகத்தின் நடுப்பகுதிக்கு முனையிலிருந்து உலோகம் ஊட்டிவிடலாம் என்று நினைப்பது வீண்.

படிவைத்த கூர்விளிம்பு

டி-வடிவக் குழாய் இணைப்பில் கதையே வேறு. பக்கவாட்டில் ஒரு கிளை புடைத்து வெளியே வர வேண்டும். அதற்கான உலோகம் முனையிலிருந்துதான் வர வேண்டும். வராவிட்டால் கிளையின் உச்சி மெலிந்து கிழியும். இங்கேதான் படிவைத்த பஞ்சுக்கு வேலை. அதன் மூக்கு குழாய்க்குள் நுழைந்து வழிகாட்டுகிறது. தோள்பட்டை குழாயின் வெட்டுமுகத்தில் முட்டி உள்ளே தள்ளுகிறது. தோள்பட்டையில் வட்டமாக ஓடும் சிறிய கூர்விளிம்பு வெட்டுமுகத்தில் பதிந்து நீரை அடைக்கிறது. தள்ளுவதும் அடைப்பதும் ஒரே விசை.

இதில் தப்பு நடந்தால் முனையே சொல்லிவிடும். வேலை முடிந்த குழாயின் வெட்டுமுகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கூர்விளிம்பு பதித்த பள்ளம் முழு வட்டமாக, ஒரே ஆழத்தில் ஓட வேண்டும். ஒரு பக்கம் ஆழமாகவும் எதிர்ப்பக்கம் மங்கலாகவும் பிறைபோல் இருந்தால் வெட்டு செங்குத்தாக இல்லை, அல்லது பஞ்சின் அச்சு விலகியிருக்கிறது. பள்ளம் ஓரிடத்தில் மட்டும் அறுபட்டிருந்தால் பெரும்பாலும் அங்கே பிசிறு இருந்திருக்கும். கூம்பு மன்னித்துவிடும் இந்தக் குறைகளைக் கூர்விளிம்பு மன்னிக்காது. ஆகவே இந்த முறைக்குப் போகிறவர்கள் வெட்டும் எந்திரத்துக்கும் பிசிறு நீக்கவும் சேர்த்தே பணம் ஒதுக்க வேண்டும். அதைச் செய்யாமல் பஞ்சை மட்டும் மாற்றிவிட்டுக் கசிகிறதே என்று புலம்புவது அடிக்கடி நடப்பதுதான்.

கட்டுப்பாடும் கொஞ்சம் நுணுக்கம். அழுத்தம் குறைவாக இருக்கும் தொடக்கத்தில் அதிகம் தள்ளினால் குழாய் சுருக்கம் விழுந்து மடியும். குறைவாகத் தள்ளினால், புடைக்கும் குழாய் நீளத்தில் சுருங்கிப் பஞ்சை விட்டு விலகும், உடனே கசிவு. சிலிண்டர் அழுத்தத்தோடு கூடவே நகர வேண்டும். அதை ஒழுங்காகச் செய்யும் எந்திரம் இல்லையென்றால் கூர்விளிம்பு உங்களுக்கு வேண்டாம்.

ஓ-ரிங்

பஞ்சின் மூக்கில் பள்ளம் வெட்டி ரப்பர் வளையமோ பாலியுரித்தேன் வளையமோ போட்டால், அடைப்பு வெட்டுமுகத்தில் இல்லை, குழாயின் உள்சுவரில். குழாய் சற்று முன்பின் நகர்ந்தாலும் அடைப்பு போகாது. வெட்டுமுகத்தில் தழும்பு விழாது, வாய் விரியாது. முனையை வெட்டி எறியாமல் அப்படியே பயன்படுத்த வேண்டிய பாகங்களுக்கு இது பெரிய வசதி.

ஆனால் ஓ-ரிங்கின் எதிரி இடைவெளி. பின்னால் தாங்கு வளையம் இல்லாத சாதாரண நைட்ரைல் ஓ-ரிங்குக்குப் பொதுவாகச் சொல்லும் எல்லை ஏறக்குறைய 100 பார். அதற்கு மேல் ரப்பர் பஞ்சுக்கும் குழாய்க்கும் நடுவேயுள்ள சந்தில் பிதுங்கி, ஓரம் கொறித்ததுபோல் ஆகிவிடும். கடினமான பாலியுரித்தேன், தாங்கு வளையம், இறுக்கமான இடைவெளி எல்லாம் சேர்ந்தால் இதைவிடப் பல மடங்கு மேலே போகலாம். ஆனாலும் முனைப் பகுதியில் குழாய் வெளியே விரியாதபடி டை இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். வெல்டு குழாயின் உள்ளே நீளமாக ஓடும் வெல்டு மேட்டைச் சீவி எடுக்காமல் ஓ-ரிங் போடுவதில் பயனே இல்லை. மேட்டின் இரண்டு பக்கமும் நீர் வழி கண்டுபிடித்துவிடும். அப்புறம், உள்விளிம்பில் பிசிறு இருந்தால் நுழையும்போதே வளையம் வெட்டுப்படும். அடிக்கடி வளையம் மாற்ற எந்திரத்தை நிறுத்துவது, வேகமாக ஓடும் உற்பத்தி வரிசையில் கட்டுப்படியாகாது. சோதனைக்கூடத்திலும் குறைந்த அழுத்த வேலையிலும் எனக்குப் பிடித்தது இதுதான்.

நாலாவதாக, முனையில் மூடியை வெல்டு செய்துவிடுவது. நாலைந்து மாதிரிகள் மட்டும் வேண்டுமென்றால் இதைவிட மலிவு வேறில்லை. ஆனால் இங்கே நீரின் தள்ளல் சிலிண்டருக்குப் போகாமல் குழாயையே நீள இழுக்கிறது. மூடிய குழாயில் நீளவாட்டு இழுவை, சுற்றுவாட்டு இழுவையில் பாதி. அந்த விகிதத்தில் குழாய் நீளத்தில் குறையாமல் விட்டத்தில் மட்டும் விரியும், அதற்கான உலோகம் முழுவதும் சுவரிலிருந்தே வரும். ஆகவே மூடி போட்டுச் சோதித்த குழாய் கிழிந்தது என்பதற்காக, முனையிலிருந்து ஊட்டும் உற்பத்தி முறையிலும் கிழியும் என்று முடிவுகட்டக் கூடாது.

எந்த வகையானாலும், முதலில் குறைந்த அழுத்தத்தில் நிரப்பிக் காற்றை முழுவதும் வெளியேற்றிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். அடைபட்ட காற்று சுருங்கி ஆற்றலைச் சேமித்து வைத்துக்கொள்ளும். அடைப்பு விட்டால் அது நீரைப்போல் சட்டென்று அடங்காது. கசிவு எங்கே என்று கையால் தடவிப் பார்ப்பது வேண்டவே வேண்டாம். இந்த அழுத்தத்தில் ஊசி அளவு நீர்க்கீற்றுகூடத் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். அழுத்தத்தை முழுவதும் இறக்கிவிட்டு, குழாயை வெளியே எடுத்து, முனையைப் பார்த்தே கண்டுபிடியுங்கள்.