நிரல் வெக்டருக்கு இடைவெளி விடுவது: லாடெக்கில் என் ஆறு வருடம்

நேரியல் இயற்கணிதக் குறிப்புகளை ஆறு வருடமாக லாடெக்கில்தான் (கட்டளைகள் எழுதி ஆவணம் அச்சுக்கோக்கும் மென்பொருள்) அடிக்கிறேன். நிரல் வெக்டர், அதாவது எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிய வெக்டர் என்றால் எனக்கு பிமேட்ரிக்ஸ்தான், அடுக்கைச் சதுர அடைப்புக்குள் வைக்கும் லாடெக் சூழல் அது. முழு எண்கள் மட்டும் இருந்தால் எதையும் தொடவே வேண்டாம், பின்னம் வந்தால்தான் தொல்லை ஆரம்பம். 10 பாயிண்ட் எழுத்தில் ஒரு நிரைக்குக் கிடைக்கும் உயரம் 12 பாயிண்ட், ஃப்ராக் கட்டளையில் வரும் சிறிய பின்னமே அதை முழுசாக அடைத்துக்கொள்ளும். மேல் பின்னத்தின் பகுதியும் கீழ் பின்னத்தின் தொகுதியும் ஒட்டிக்கொண்டு நிற்கும், படிக்கிற பிள்ளைகளுக்கு எது எதோடு சேர்ந்தது என்றே புரியாது.

ஆரம்பத்தில் வரி முடிவில் இரட்டைச் சாய்கோடு போட்டு, சதுர அடைப்புக்குள் 3 பாயிண்ட் கொடுத்துப் பார்த்தேன். டிஃப்ராக் என்ற கட்டளையில் போட்ட பெரிய பின்னங்களில் ஒன்றுமே நகரவில்லை! ரொம்ப நாள் கழித்துத்தான் காரணம் பிடிபட்டது. அந்த 3 பாயிண்ட், பின்னத்துக்கு அடியில் போய்ச் சேர்வதில்லை. ஒவ்வொரு நிரையிலும் ஸ்ட்ரட் என்று கண்ணுக்குத் தெரியாத ஒரு தூண் இருக்கிறது, அதன் ஆழமான 3.6 பாயிண்ட்டோடுதான் சேர்கிறது. மொத்தம் 6.6. டிஃப்ராக்கின் ஆழமோ ஏறக்குறைய 6.9, அப்புறம் எங்கே இடைவெளி தெரியும்? 6 பாயிண்ட் கொடுத்தால்தான் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குப் பிரிகிறது.

இப்போது சிறிய பின்னங்களுக்கு, நிரை உயரத்தைப் பெருக்கும் அர்ரேஸ்ட்ரெட்ச்சை 1.3 ஆக்கிவிடுகிறேன், ஆனால் அந்தச் சமன்பாட்டுக்குள் மட்டும். ஒருமுறை ஆவணத்தின் தலைப்பகுதியிலேயே போட்டுவிட்டேன், அது அட்டவணைகளையும் சேர்த்து இழுத்ததில் இரண்டு பக்க வினாத்தாள் மூன்றாம் பக்கத்துக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு இந்த அமைப்பைத் தனிக் கட்டளையாக எழுதி வைத்துக்கொண்டேன், நீங்களும் முதல் நாளே அதைச் செய்துவிடுங்கள்.

பக்கவாட்டு இடைவெளிக்கு, நிரலின் இருபுறமும் விடும் இடத்தின் அளவான அர்ரேகால்செப்பை மாற்றச் சொல்வார்கள். ஒரே நிரல் உள்ள பிமேட்ரிக்ஸில் அதனால் பயனில்லை, ஏனென்றால் இரு ஓரத்து 5 பாயிண்ட்டையும் பிமேட்ரிக்ஸ் தானே கழித்துவிடுகிறது. அடைப்புக்குறி நெருக்கமாகத் தெரிந்தால் அடைப்பு இல்லாத அர்ரே சூழலையே பயன்படுத்தி, இருபுறமும் அடைப்பு போடுங்கள், அந்த 5 பாயிண்ட் அப்படியே இருக்கும்.

குறை எண்கள் கலந்து வந்தால் மேத்டூல்ஸ் என்ற கூடுதல் தொகுப்பின் நட்சத்திர பிமேட்ரிக்ஸை வலப்பக்கமாக ஒதுக்குவேன், இலக்கங்கள் நேராக நிற்கும். வரிக்குள் வரும் வெக்டருக்கு ஸ்மால்மேட்ரிக்ஸ் என்ற சிறிய அளவுச் சூழல் இரண்டு உறுப்பு வரை சரி, மூன்று என்றால் வரிகள் விலகிவிடுகின்றன, அங்கே நிரையாகவே எழுதி மேலே ஒரு டி (நிரையை நிரலாக மாற்றும் குறி) போட்டுவிடுகிறேன்.