வாசித்தவர் பெயரில் அடுக்கிய தட்டுகள்: கோவையில் ஒரு கடை

கோவை டவுன்ஹாலை ஒட்டிய சந்து ஒன்றில், முதல் மாடியில் இயங்கும் இந்தப் பழைய இசைத்தட்டுக் கடையின் பெயரை எழுத வேண்டாம் என்று அதன் உரிமையாளர் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒரே நேரத்தில் நாலைந்து பேருக்கு மேல் நிற்க இடமில்லாததே காரணம். இதைவிடப் பெரிய சேகரிப்பு கொண்ட கடைகள் சென்னையிலும் பெங்களூரிலும் உண்டு என்றாலும், இங்கே ஒரு மூலையில் இருக்கும் அமெரிக்க கன்ட்ரி இசைத்தட்டுகளின் அடுக்கு முறையை நான் வேறெங்கும் கண்டதில்லை. தமிழ்த் திரையிசை இசையமைப்பாளர் வாரியாகவும், கர்நாடக இசை பாடகர் வாரியாகவும் வழக்கம்போல் வரிசைப்படுத்தப்பட்டிருக்க, கன்ட்ரி தட்டுகள் மட்டும் அந்தப் பதிவில் ஸ்டீல் கிட்டார் (கிடத்தி வைத்து, தந்திகளின் மேல் இரும்புக் கட்டையை நகர்த்தி வாசிக்கும் கிட்டார்) வாசித்த செஷன் கலைஞரின், அதாவது ஊதியத்துக்கு ஸ்டுடியோவில் வாசித்துக் கொடுப்பவரின், பெயரில் அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு உறையின் மேல் மூலையிலும் ஒரு சிறு சீட்டு. அதில் வாசித்தவர் பெயர், பதிவான ஆண்டு, எந்தப் பாட்டில் அவரைக் கவனிக்க வேண்டும் என்ற குறிப்பு.

இந்த ஏற்பாட்டின் அருமை புரிய, அந்தக் காலத்து ஒலிப்பதிவு நடந்த விதம் தெரிந்திருக்க வேண்டும். 1950களிலும் 60களிலும் அமெரிக்க கன்ட்ரி இசைத் தொழிலின் மையமான நாஷ்வில் நகரில் ஒரு செஷன் என்பது 3 மணி நேரம். அதற்குள் மூன்று அல்லது நான்கு பாடல்களை முடித்தாக வேண்டும். முழுதாக எழுதிய ஸ்வரக் குறிப்புகள் பெரும்பாலும் கிடையாது. பாட்டை ஓரிரு முறை கேட்டு, கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகளை) எண்களாகக் குறித்துக்கொண்டு, முன்னிசையையும் பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளிகளை நிரப்பும் சிறு சொற்றொடர்களையும் அந்த இடத்திலேயே கலைஞர்கள் உண்டாக்கினார்கள். ஒரு பாட்டை மூன்றாம் நொடியிலேயே அடையாளம் காட்டும் அந்த முன்னிசையை வாசித்தவருக்கு இசைக்கலைஞர் சங்கம் நிர்ணயித்த ஊதியம் கிடைத்தது. உறையின் பின்புறத்தில் பெயர் கிடைக்கவில்லை. யார் எங்கே வாசித்தார் என்பது அந்தச் சங்கத்தின் ஒப்பந்தப் படிவங்களிலிருந்தும், ஜெர்மனியின் பேர் ஃபேமிலி போன்ற மறுவெளியீட்டு நிறுவனங்களின் பெட்டித் தொகுப்புகளில் வரும் விரிவான பதிவு விவரங்களிலிருந்தும் பிற்பாடுதான் பொது வாசகருக்குத் தெரியவந்தது. கடைக்காரரின் சீட்டுகளுக்கும் ஆதாரம் அத்தகைய தொகுப்புகளே. அவற்றைக் கல்லாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறார். கேட்டால் புரட்டிப் பார்க்கக் கொடுக்கிறார்.

கொங்கு நாட்டில் கன்ட்ரி தட்டுகளுக்கு வரத்து எங்கிருந்து என்று சிலர் வியக்கலாம். வால்பாறையிலும் நீலகிரியிலும் இருந்த எஸ்டேட் பங்களாக்களும், போத்தனூர் ரயில்வே காலனியின் ஆங்கிலோ இந்திய வீடுகளும் இங்கே வரும் தட்டுகளின் பெரும்பகுதிக்குப் பிறப்பிடம். அவற்றில் பாதிக்கு மேல் கன்ட்ரி பாடகர் ஜிம் ரீவ்ஸ்தான். அவருடைய கிறிஸ்துமஸ் பாடல்களை டிசம்பரில் கேட்காத வீடு அந்தக் காலனியில் அரிது என்பார்கள். ஆனால் ஜிம் ரீவ்ஸை மட்டுமே கேட்டு வளர்ந்த ஒருவருக்கு ஸ்டீல் கிட்டார் ஏறக்குறைய அறிமுகமாகாமலே போயிருக்கும். 1950களின் பிற்பகுதியில், ராக் அண்ட் ரோலிடம் இழந்த சந்தையை மீட்பதற்காக தயாரிப்பாளர்கள் செட் அட்கின்ஸும் ஓவன் பிராட்லியும் வகுத்த நாஷ்வில் பாணியில், நாட்டுப்புற வயலினான ஃபிடிலும் ஸ்டீல் கிட்டாரும் ஒதுக்கப்பட்டு, வயலின் குழுவும் பின்னணிக் குரல்களும் முன்னுக்கு வந்தன. 1959இல் பதிவான ஜிம் ரீவ்ஸின் 'ஹீ'ல் ஹாவ் டு கோ' பாட்டில் பியானோவும் வைப்ரஃபோனும் குரல்களும் உண்டு, ஸ்டீல் இல்லை. சனிக்கிழமை மாலைகளில் கடைக்காரர் நடத்தும் கேட்பு அமர்வு இந்தப் பாட்டில்தான் தொடங்குகிறது. எது இல்லை என்பதை முதலில் காட்டிவிட்டு, அது இருந்த பதிவுகளுக்குப் பின்னோக்கிப் போகும் இந்த வரிசை மிகச் சரியான தேர்வு. "இது பாடுனவரு தட்டு இல்லீங்க, வாசிச்சவரு தட்டுங்க, குரலைக் கொஞ்சம் தள்ளி வெச்சுட்டுக் கேளுங்க" என்பதைத் தவிர அவர் முன்னுரை எதுவும் சொல்வதில்லை.

அடுத்து வருவது கன்ட்ரி பாடகர் ஹாங்க் வில்லியம்ஸ். அவருடைய குரலை அறிந்த பலர், அந்தக் குரலுக்கு மேல் மெல்லிய உச்ச ஸ்தாயியில் பதில் சொல்லிக்கொண்டே வரும் ஸ்டீல் வாசிப்பாளர் டான் ஹெல்ம்ஸை அறிவதில்லை. பெடல் (தந்தியின் சுருதியை மாற்றும் மிதி) எதுவும் இல்லாத, கால்கள் வைத்த கிப்ஸன் கருவியில், இரும்புக் கட்டையின் சாய்வையும் வலக்கையின் மீட்டலையும் மட்டும் கொண்டு ஹெல்ம்ஸ் வாசித்தார். 1952 செப்டம்பரில் பதிவான 'யுவர் சீட்டின் ஹார்ட்' பாட்டின் முதல் சில நொடிகளைக் கேட்டால், பாட்டு சொல்லப்போகும் குறை முழுவதையும் அவர் முன்கூட்டியே சொல்லிவிடுவது தெரியும். அதே ஹெல்ம்ஸ்தான் பாடகி பாட்சி கிளைனின் 'வாக்கின் ஆஃப்டர் மிட்நைட்' பதிவிலும் வாசித்தவர் என்பதை, இரு தட்டுகளும் ஒரே பெட்டியில் அடுத்தடுத்து இருப்பதைப் பார்க்கும்போதே உணரலாம். பாடகர் பெயரில் அடுக்கிய எந்தக் கடையிலும் இந்த இரண்டும் சந்தித்துக்கொள்ள வழியில்லை.

அடுக்கு முறையின் உச்சம் என்று நான் கருதுவது பெடல் பகுதி. நம் வாசகருக்கு இதை விளக்கக் கோட்டுவாத்தியமே போதும். கோட்டுவாத்தியத்தில் கட்டை நகரும்போது அதன் கீழ் இருக்கும் தந்திகள் அனைத்தும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும்; கமகம் முழுவதும் இடக்கையில் இருக்கிறது. ஹவாய்த் தீவுகளிலிருந்து வந்த பழைய ஸ்டீல் கிட்டாரும் அப்படியே. பெடல் வந்த பிறகு, ஒரு தந்தி அசையாமல் நிற்க, அதன் அருகிலிருக்கும் தந்தி மட்டும் மிதிக்கு ஏற்ப ஒரு முழு ஸ்வரம் உயர்ந்து அதனுடன் சேர முடிந்தது. 1954இல் வெளிவந்த வெப் பியர்ஸின் 'ஸ்லோலி' பாட்டில், தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்து அந்த நகர்வைக் காதில் விழச் செய்தவர் பட் ஐசக்ஸ். ஸ்பீடி வெஸ்ட் போன்றோரிடம் அதற்கு முன்பே பெடல் கருவி இருந்தது. ஆனால் மிதிக்கும் செயலையே இசையாக்கிய பாட்டு இதுதான், இதற்குப் பிறகு நாஷ்விலில் பெடல் இல்லாமல் பிழைப்பு நடத்துவது கடினமாயிற்று. ஜெர்ரி பர்ட் மட்டும் கடைசி வரை பெடலை ஏற்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் ஹவாய்க்கே குடிபெயர்ந்துவிட்டார். அவருடைய தட்டுகளுக்கென்று ஒரு தனிப் பெட்டி ஒதுக்கியிருப்பது கடைக்காரரின் ரசனைக்குச் சான்று.

ஐசக்ஸும் வெஸ்ட்டும் வாசித்த கருவிகளைக் கலிஃபோர்னியாவில் செய்து கொடுத்த பால் பிக்ஸ்பி அடிப்படையில் ஒரு பேட்டர்ன் தச்சர், அதாவது வார்ப்புக்கான மாதிரி வடிவங்களைச் செய்பவர். மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பெடல் ஸ்டீல் கருவி ஒன்றின் அடிப்பகுதியைப் படம் பிடித்துச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள்: 10 தந்திகள், மூன்று பெடல்கள், முழங்காலால் தள்ளும் நெம்புகோல்கள், இவற்றை இணைக்கும் கம்பிகளும் திருகுகளும். கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் வாடிக்கையாளர் ஒருவர் இந்தப் படத்தை நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இதென்னுங்க பெரிய வேலை, நம்ம பட்டறையிலயே கடைஞ்சு போடலாமுங்க" என்றார். ஃபவுண்டரியும் பேட்டர்ன் கடையும் தெருவுக்குத் தெரு இருக்கும் ஊரில் இது வெறும் வீம்பு என்று நான் நினைக்கவில்லை.

பெடல் காலத்துத் தட்டுகளில் 1956இன் 'கிரேஸி ஆர்ம்ஸ்' ஒரு சுவையான நிகழ்வு. ரே பிரைஸ் பாடி 20 வாரங்கள் முதலிடத்தில் இருந்த அந்தப் பாட்டை எழுதியவர்களில் ஒருவர் ரால்ஃப் மூனி என்ற ஸ்டீல் வாசிப்பாளர். பதிவில் ஸ்டீல் வாசித்தவரோ ஜிம்மி டே. சீட்டில் இரண்டு பெயரும் இருக்கின்றன. மூனியின் சொந்த வாசிப்பைக் கேட்க மெர்ல் ஹேகர்டின் 1966ஆம் ஆண்டுப் பதிவுகளுக்குப் போக வேண்டும். கூர்மையும் துள்ளலும் கொண்ட அந்த வாசிப்பு, மதுக்கடைத் துயரத்தைப் பாடும் வரிகளுக்கு நடுவே ஒரு குறும்பையும் சேர்த்துவிடுகிறது. இதற்கு நேர் எதிரானது பக் ஓவன்ஸின் 'டுகெதர் அகெய்ன்' பாட்டில் டாம் பிரம்லி வாசித்த தனி இசை. 1964இல் ஹாலிவுட்டின் கேபிடல் ஸ்டுடியோவில் பதிவான அந்தச் சில அடிகளில் வேகமோ வித்தையோ கிடையாது. ஒரு சொற்றொடர் மேலே ஏறி, நின்று, அடுத்தது அதன் மீது சாய்கிறது. மகிழ்ச்சியைச் சொல்லும் பாட்டின் வரிகளுக்குள் ஒரு துயரம் ஒளிந்திருப்பதை வெளிக்கொண்டு வருவது பிரம்லியே. என் மதிப்பீட்டில், செஷன் வாசிப்பின் இலக்கணத்தை ஒரே பதிவில் கற்க விரும்புபவர் இதைத்தான் வாங்க வேண்டும்.

பிற பெட்டிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கானி ஸ்மித்தின் 1964ஆம் ஆண்டு 'ஒன்ஸ் எ டே' பாட்டில் பளீரென்று முன்னால் நிற்கும் வெல்டன் மைரிக்; டாமி வைனெட்டின் 'ஸ்டாண்ட் பை யுவர் மேன்' பதிவிலும், பாப் டிலன், ஜார்ஜ் ஹாரிசன் ஆகியோரின் தட்டுகளிலும் வாசித்த பீட் டிரேக்; ஜானி பேசெக்கின் 1960களின் நடுப்பகுதித் தட்டுகளிலும், பைர்ட்ஸ் குழுவின் 1968ஆம் ஆண்டுத் தட்டிலும் வாசித்த லாயிட் கிரீன் ஆகிய மூவருமே தவறவிடக் கூடாதவர்கள். கருவி செய்வதிலும் வாசிப்பதிலும் ஒருசேர முன்னோடியான பட்டி எம்மன்ஸின் பெட்டி, நான் போனபோதெல்லாம் காலியாகவே கிடந்தது. கான்வே ட்விட்டியுடன் வாசித்த ஜான் ஹ்யூயிக்குக் கடைக்காரர் தரும் உயர்ந்த இடத்தை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. உச்ச ஸ்தாயியில் அழுதுகொண்டே இருக்கும் அந்த வாசிப்பு, இரண்டு பாட்டுக்கு மேல் எனக்குத் திகட்டிவிடுகிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். வாசித்தவர் பெயரில் அடுக்குவது, ஒரே குழுவுடன் பதிவான தட்டுகளுக்கு மட்டுமே முழுதாகப் பொருந்துகிறது. தொகுப்புத் தட்டுகள் வந்தவுடன் முறை தடுமாறுகிறது. ஹாங்க் வில்லியம்ஸின் தொகுப்பு ஒன்றில் டான் ஹெல்ம்ஸ் பெயர் மட்டும் எழுதப்பட்டிருந்தது. ஆனால் அதில் இருந்த 'லவ்சிக் புளூஸ்', 'ஐ'ம் ஸோ லோன்சம் ஐ குட் கிரை' ஆகிய இரண்டும் சின்சினாட்டியின் ஹெர்சாக் ஸ்டுடியோவில் பதிவானவை. அவற்றில் வாசித்தவர் ஜெர்ரி பர்ட். அடுத்தடுத்துக் கேட்டால் பர்ட்டின் உருண்டையான நாதமும் ஹெல்ம்ஸின் கூரிய நாதமும் தனித்தனியே தெரியும். இதைச் சுட்டிக்காட்டியபோது சீட்டைத் திருத்திக்கொண்டார் என்றாலும், வாசிப்பாளரையே முதன்மைப்படுத்தும் கடை இதைத் தானாகவே கவனித்திருக்க வேண்டும்.

இதைவிட முக்கியமானது தட்டுகளின் நிலை. ஸ்டீல் கிட்டாரின் நீண்டு நிற்கும் நாதம் எந்தக் குறையையும் மறைக்காது. நடுத்துளை சற்று விலகிய தட்டில் குரலோ டிரம்மோ பெரிதாகக் கெடுவதில்லை. ஸ்டீல் மட்டும் ஒவ்வொரு சுற்றுக்கும் சுருதி ஆடும். பக்கத்தின் கடைசிப் பாட்டில், ஊசி உட்பள்ளங்களை நெருங்கும்போது, உச்ச ஸ்தாயி நாதம் கரகரக்கத் தொடங்கும். கடையின் டர்ன்டேபிளும் ஸ்பீக்கர்களும் குறை சொல்ல முடியாதவை என்பதால் இவையெல்லாம் அங்கேயே தெரிந்துவிடுகின்றன. ஆனால் விலைச்சீட்டில் இவற்றைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மோனோவில் பதிவானதை மின்னணு முறையில் ஸ்டீரியோவாக மாற்றி 1960களில் வெளியிட்ட ஹாங்க் வில்லியம்ஸ் தட்டுகளும், பழைய பதிவின் மேல் வயலின் குழுவை ஏற்றிய தட்டுகளும் அதே பெட்டியில் அதே விலைக்கு இருக்கின்றன. ஹெல்ம்ஸைக் கேட்க வந்தவருக்கு அவரைப் புதைத்து வைத்த தட்டை விற்பது, இந்தக் கடையின் நோக்கத்துக்கே முரண்.

விலையைப் பொறுத்தவரை, இந்திய அச்சுத் தட்டுகள் நியாயமாகவும், வெளிநாட்டு அச்சுகள் சற்றே கூடுதலாகவும் இருக்கின்றன. பேரம் பேசினால் அவர் முகம் வாடுகிறதே தவிர விலை குறைவதில்லை. கேட்பு அமர்வுக்குக் கட்டணம் கிடையாது, ஆனால் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போக வேண்டும். புதிதாகத் தொடங்குபவர் டாம் பிரம்லி வாசித்த 1960களின் பக் ஓவன்ஸ் தட்டு ஒன்றை முதலில் எடுத்து, அங்கேயே இரண்டு பக்கமும் ஓடவிட்டு, நாதம் ஆடுகிறதா என்று கேட்டுப் பார்த்த பிறகே பணம் கொடுப்பது நல்லது. ஹாங்க் வில்லியம்ஸ் வேண்டுமென்றால் உறையில் மோனோ என்று அச்சிட்டிருக்கிறதா, வயலின் குழுவை மேலே ஏற்றாத தட்டுதானா என்பதை முதலில் பாருங்கள். சீட்டில் எழுதியிருப்பதை அதற்குப் பிறகு படித்துக்கொள்ளலாம்.