பவர்கிளைடுக்குப் பதில் எது: டிஎச்350-ஆ, 700ஆர்4-ஆ?

பழைய செவர்லே இம்பாலா காரில் எஞ்சின் சக்தியைக் கூட்டிவிட்டு, இரண்டே கியர் உள்ள பவர்கிளைடு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை அப்படியே விட்டால் மலையில் பலன் பாதிதான். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது; அங்கே கார்புரேட்டர் எஞ்சின் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சக்தியை இழந்துவிடும். கியர்தான் கைகொடுக்க வேண்டும்.

அதற்குப் பதில் போடக்கூடிய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களில், நாலு கியர் உள்ள 700ஆர்4-இல் முதல் கியர் விகிதம் 3.06, மூன்று கியர் உள்ள டிஎச்350-இல் 2.52. ஊட்டிக்குப் போகும் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது அந்த 3.06-இன் இழுவை அருமை. ஆனால் அடுத்த கியர் 1.63; மாறியதும் எஞ்சின் வேகம் கிட்டத்தட்ட பாதியாக விழும், வளைவுக்கு வளைவு கியர் ஏறி இறங்கும். 350-இல் இரண்டாவது 1.52 என்பதால் இந்தச் சரிவு குறைவு.

அப்புறம், ஆக்சிலரேட்டர் அழுத்தத்தைக் கியர்பாக்ஸுக்குச் சொல்லும் 700ஆர்4-இன் த்ராட்டில் கேபிள் சரியாக அமையாவிட்டால் ஆயில் அழுத்தம் குறைந்து கிளட்ச் தட்டுகள் எரிந்துபோகும். அதைச் செட் செய்யத் தெரிந்த மெக்கானிக் இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். 700ஆர்4-இன் நீளமும் கூடுதல், பின்சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டை வெட்ட வேண்டிவரும். அதன் 0.70 விகித நாலாவது கியர் மேட்டுப்பாளையம் தாண்டிச் சமவெளியில் அடிக்கடி ஓடுவோருக்குத்தான் உதவும்.

குன்னூர், கோத்தகிரிக்குள் சுற்றும் காருக்கு என் ஓட்டு 350-க்கே. எதைப் போட்டாலும் தனி ஆயில் கூலர் வைத்துவிடுங்கள். ஏற்றத்தில், எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே உள்ள டார்க் கன்வர்ட்டரின் சூடு ஆயிலைக் கருக்கிவிடும்.