முழங்கால் வலிக்கு மிளகாய்க் களிம்பா, தைலமா?

நான் மிளகாய்க் களிம்பின் பக்கம். இடது முழங்காலில் தேய்மானம் என்று தெரிந்ததும் நான்கு மாதம் தைலம் தேய்த்தேன். அப்புறம் மிளகாய்க் களிம்புக்கு மாறினேன், எட்டு மாதமாகிறது. இரண்டிலும் வேலை செய்வது செடிகளிலிருந்து வந்த சரக்குதான். வேலை செய்யும் விதம்தான் வேறு.

தைலம் எல்லோருக்கும் தெரிந்தது. மெந்தால், கற்பூரம், விண்டர்கிரீன் எண்ணெய் என்று கூட்டு அமையும். மெந்தால் பட்டதும் குளிரை உணரும் நரம்பு முனைகள் விழித்துக்கொள்ள, வலி கொஞ்ச நேரம் பின்னுக்குப் போகிறது. சுளுக்கு, தசைப்பிடிப்பு என்றால் இன்றும் என் கை தைலத்துக்குத்தான் போகும். ஆனால் என் முழங்காலில் அதன் சுகம் ஒரு மணி நேரம் தாண்டியதில்லை.

மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின், நரம்பு முனைகளில் சூட்டை உணரும் புரதமான ஏற்பியைப் பிடிக்கிறது. கேப்சைசினை வைத்தே அந்த ஏற்பியை 1997இல் அடையாளம் கண்ட விஞ்ஞானி டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. முதலில் எரிச்சல்தான் வரும். விடாமல் பூசினால் அந்த நரம்பு முனைகள் மெல்ல மெல்லச் செயலிழந்து, வலித் தகவல் போவது குறைகிறது. நிறுத்தினால் அவை பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

முடிவு செய்யவேண்டிய இடமே இதுதான்: உங்களால் தினமும் விடாமல் பூச முடியுமா? கடையில் கிடைக்கும் களிம்புகளில் கேப்சைசின் பெரும்பாலும் 0.025 முதல் 0.075 சதவீதம் வரை இருக்கும். அதை நாளுக்கு மூன்று, நான்கு முறை பூச வேண்டும். பலன் தெரிய இரண்டு வாரமாவது ஆகும், சிலருக்கு நான்கு வாரம்கூட. எரிச்சல் அதிகம் இருப்பதோ முதல் வாரத்தில். நாலாம் நாளே 'இது வேலைக்காகாது' என்று ட்யூபைத் தூக்கிப் போட்டால் எரிச்சலை மட்டும் அனுபவித்ததாக ஆகும். வலிக்கும்போது மட்டும் பூசினாலும் அதே கதை. எனக்குப் பன்னிரண்டாம் நாள்தான் வித்தியாசம் தெரிந்தது. நடுவில் ஒரு பயணத்தில் ஐந்து நாள் விட்டுப்போனது. திரும்பவும் பூசியபோது அந்த முதல் வார எரிச்சல் மறுபடி வந்தது. அதன்பிறகு பல் துலக்குவது, மதிய உணவு, மாலை, படுக்கை என்று நேரத்தோடு கட்டிப்போட்டுவிட்டேன்.

பராமரிப்பில் இன்னொரு பக்கமும் உண்டு. ஒருமுறை வெந்நீரில் குளித்துவிட்டு உடனே பூசினேன். முழங்கால் நெருப்பாய் எரிந்தது. தண்ணீர் ஊற்றினேன், அடங்கவில்லை. கேப்சைசின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். சமையல் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு நன்றாகத் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் தணிந்தது. குளிப்பதற்கு முன்னும் பின்னும் இடைவெளி விடுங்கள். கையுறை போட்டுப் பூசுவது நல்லது. கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்களுக்கு அது கட்டாயம் என்றே சொல்வேன். காய்ந்த களிம்பு தூளாகி மூக்கில் ஏறினால் தும்மலும் இருமலும் வரும், அதனால் மெலிதாகப் பூசி நன்றாகத் தேய்த்துவிட வேண்டும்.

சரி, இவ்வளவு தொல்லை இல்லாத தைலம் பாதுகாப்பானதுதானே என்று தோன்றும். அங்கேதான் எனக்குப் பயம் அதிகம். விண்டர்கிரீன் எண்ணெயில் கிட்டத்தட்ட முழுக்க இருப்பது மீதைல் சாலிசிலேட், ஆஸ்பிரினின் உறவுக்கார ரசாயனம். அந்த எண்ணெய் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி, ஏறக்குறைய 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம். குழந்தை குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் இந்தத் தைலத்தை நிறையத் தேய்த்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும். ஆஸ்பிரின் ஒவ்வாதவர்களும் தள்ளி நிற்க வேண்டும். கற்பூரத்தை விழுங்கிய குழந்தைகளுக்கு வலிப்பு வரலாம். டப்பா எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

இரண்டு வகைக்கும் பொதுவான எச்சரிக்கை ஒன்று உண்டு. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2012இல் சொன்னது: இத்தகைய பூச்சுகளால் அரிதாகத் தீக்காயம்போன்ற கடுமையான புண்கள் வந்திருக்கின்றன. அதனால் பூசிய இடத்தை இறுக்கிக் கட்டக் கூடாது, வெந்நீர்ப் பை வைக்கக் கூடாது, காயம்பட்ட தோலில் பூசக் கூடாது. கொப்புளம் கண்டால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

மூட்டு வலிக்குப் பூசும் இன்னொரு செடிச் சரக்கான ஆர்னிகா ஜெல்லை நான் பூசிப் பார்த்ததில்லை. கைவிரல் மூட்டுத் தேய்மானத்தில் அதை இபுப்ரூஃபன் என்ற வலிநிவாரணி ஜெல்லோடு ஒப்பிட்டு 2007இல் வெளியான ஆய்வில் இரண்டும் ஏறத்தாழ ஒரே பலன் தந்தன. ஆர்னிகா சாமந்திக் குடும்பத்துச் செடி என்பதால் அந்த வகைப் பூக்கள் ஒவ்வாதவர்களுக்கு அரிப்பு வரலாம்.

என் கதை ஒரே ஒரு முழங்காலின் கதை. இடுப்புக்கோ கழுத்துக்கோ இதே களிம்பு எப்படி இருக்கும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. படி இறங்கும்போது எனக்கு இன்னும் வலிக்கிறது. ஏறும்போது மட்டும் கைப்பிடியைப் பிடிப்பதை விட்டு மூன்று மாதமாகிறது.