விடுதியின் புதிய சைக்கிள் நிறுத்துமிடம்: கூரைக்கு முழு மதிப்பெண், கம்பிக்குப் பாதி

தென் சென்னையில் நான் ஆய்வு மாணவராகத் தங்கியிருக்கும் பல்கலைக்கழக விடுதியில், சென்ற கல்வியாண்டின் தொடக்கத்தில் மாணவர்களின் சைக்கிள்களுக்கென்று தனியாக ஒரு நிறுத்துமிடம் திறக்கப்பட்டது. அதுவரை படிக்கட்டுக்கு அடியிலும் மெஸ் சுவரோரத்திலும் வேப்பமரத்தடியிலும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்த வண்டிகள் இப்போது கம்பி வலை சூழ்ந்த ஒரு கொட்டகைக்குள், தகரக் கூரையின் கீழ், ஒரு காவலரின் பார்வையில் நிற்கின்றன. பருவத்திற்கு 300 ரூபாய் என்ற கட்டணம் விடுதிக் கட்டணத்தோடு சேர்த்தே வசூலிக்கப்படுகிறது. ஒரு மழைக்காலத்தையும் ஒரு கோடையையும் அங்கே வண்டி நிறுத்திக் கழித்த பிறகு எழுதும் மதிப்பீடு இது. விடுதியின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இங்கே காணும் குறைகள் இந்த நகரத்தின் வேறு பல விடுதிகளிலும் அப்படியே இருப்பவை என்பதால், சைக்கிளோடு விடுதியில் சேரவிருக்கும் எவருக்கும் இது பயன்படும்.

இந்த வசதி ஏன் தேவைப்படுகிறது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் வளாகத்திற்குள் வசிக்காதவர்கள். சென்னை ஐஐடி வளாகம் சுமார் 250 ஹெக்டேர் பரப்புள்ளது. அங்கே விடுதிக்கும் வகுப்புக்கும் இடையே சைக்கிள்தான் மாணவர்களின் வழக்கமான வாகனம். எங்கள் வளாகம் அவ்வளவு பெரியதல்ல என்றாலும், விடுதியிலிருந்து ஆய்வகத்திற்கு வெயிலில் நடந்துபோய்ச் சேர்ந்தால் சட்டை மாற்றாமல் வேலையில் உட்கார முடியாது. சாமான் வாங்கவும் பறக்கும் ரயில் நிலையம் வரை போகவும் சைக்கிளே போதுமானதாக இருக்கிறது. பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டியை ஊரிலிருந்து ரயிலில் பார்சல் போட்டுக் கொண்டுவந்த இளநிலை மாணவர்களும் இங்கே உண்டு. இருபதாயிரத்துக்கு மேல் கொடுத்து கியர் சைக்கிள் வாங்கியவர்களும் உண்டு. இரு சாராருக்கும் ஒரே கொட்டகை, ஒரே கட்டணம்.

முதலில் கூரை. சென்னையின் ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கொட்டித் தீர்த்துவிடுவதால், மற்ற மாதங்களில் வெட்டவெளியில் நின்றும் தாக்குப்பிடித்த வண்டி அந்த மூன்று மாதங்களில் பாழாகிவிடும். போதாக்குறைக்குக் கடற்காற்றின் உப்பு வேறு. எண்ணெய் போட மறந்த சங்கிலி சில வாரங்களிலேயே செம்பழுப்பாகிவிடுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, பழைய இடத்தில் நின்றிருந்த வண்டிகளின் பெடல் வரைக்கும் தண்ணீர் ஏறி, வடிந்த பிறகு பல சைக்கிள்களின் அச்சுக் குண்டுகள் மாற்றப்பட வேண்டியிருந்தன. புதிய கொட்டகையைக் கட்டியவர்கள் இதை மனத்தில் வைத்து, தரையைச் சுற்றுப்புறத்தைவிட ஓர் அடிக்கு மேல் உயர்த்தி, ஏறி இறங்கச் சரிவான மேடை போட்டிருக்கிறார்கள். கடந்த மழைக்காலத்தில் வெளியே பாதையில் தண்ணீர் தேங்கிய நாட்களிலும் உள்ளே தரை காய்ந்தே இருந்தது. ஒரே ஒரு குறை, கொட்டகையின் திறந்த பக்கம் வடகிழக்கைப் பார்த்து அமைந்திருப்பது. சென்னையில் மழை எந்தத் திசையிலிருந்து சாய்ந்து அடிக்கும் என்பது தெரியாத ரகசியமல்ல. இருந்தும் அந்தப் பக்கத்து முதல் வரிசை முழுவதும் சாரலில் நனைகிறது. ஒரு தார்ப்பாய் கட்டினால் தீர்ந்துவிடும் சிக்கல் என்பதால் இதற்காக மதிப்பெண்ணைக் குறைக்க மனம் வரவில்லை.

குறைக்க வேண்டிய இடம் உள்ளே, வண்டியை நிறுத்துவதற்கென்று தரையில் பதித்திருக்கும் கம்பிகளில் இருக்கிறது. பள்ளிக்கூடங்களிலும் திரையரங்குகளிலும் பார்த்துப் பழகிய அதே வகைதான்: முன்சக்கரத்தை மட்டும் நுழைக்கும்படி, முழங்கால் உயரத்தில், சற்றொப்ப ஓர் அடிக்கு ஒன்றாக வரிசையாகப் பற்றவைத்த இடுக்குகள். பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் சைக்கிளின் எந்தப் பகுதியை அந்தக் கம்பியோடு சேர்த்துப் பூட்டுவது என்று யோசித்தால் விடை முன்சக்கரம் ஒன்றுதான். ஃபிரேமுக்குப் பூட்டு எட்டாது. இப்போது வரும் பெரும்பாலான கியர் சைக்கிள்களில் முன்சக்கரத்தை ஸ்பானர் இல்லாமலே ஒரு நெம்புகோலைத் திருப்பிக் கழற்றிவிடலாம். சக்கரத்தைக் கம்பியிலேயே விட்டுவிட்டு மீதி வண்டியைத் தூக்கிக்கொண்டு போகத் திருடனுக்கு ஒரு நிமிடம்கூட வேண்டாம். நம் ஊர்ச் சாதாரண சைக்கிள்களில் பின்சக்கரத்தோடு வரும் வளையப் பூட்டு, வண்டியை ஓட்டிச் செல்ல விடாமல் தடுக்குமே தவிர, தோளில் தூக்கிச் செல்வதைத் தடுக்காது.

திருட்டு ஒருபுறமிருக்க, இந்த இடுக்குகள் வண்டியையும் கெடுக்கின்றன. பக்கத்தில் நிற்கும் வண்டி சாய்ந்தால் அதன் எடை முழுவதும் நம் வண்டியின் முன் ரிம்மில் விழுகிறது. ரிம் கோணுகிறது, ஸ்போக்ஸ் தளர்கிறது, பிரேக் கட்டை ஒரு பக்கம் மட்டும் உரசத் தொடங்குகிறது. டிஸ்க் பிரேக் உள்ள வண்டிகளின் தட்டு கம்பியில் இடித்து வளைந்ததை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். வாளிப்பான டயர் உள்ள வண்டிகள் இடுக்கில் நுழைவதே இல்லை. அவற்றின் உரிமையாளர்கள் நடைபாதையில் சைடு ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிடுகிறார்கள், பின்னால் வருபவர்கள் முணுமுணுத்துக்கொண்டு ஒதுங்கிப் போகிறார்கள். இட நெருக்கடிதான் இந்த வகையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் என்று சொல்லப்பட்டது. கைப்பிடி ஏறக்குறைய இரண்டடி அகலம் இருக்கும்போது ஓரடி இடுக்குகளில் அடுத்தடுத்து வண்டிகளை நிறுத்த முடியாது என்பதால், நடைமுறையில் ஒன்றுவிட்டு ஒன்று காலியாகத்தான் கிடக்கிறது. கணக்கில் மட்டுமே கூடுதல் இடம்.

இதற்கு மாற்று கண்டுபிடிக்க வெளிநாடு போக வேண்டியதில்லை. பற்றவைக்கும் பட்டறை ஒன்று இருந்தால் போதும். உருண்டைக் குழாயைக் கவிழ்த்த ‘ப’ வடிவத்தில் வளைத்து, இடுப்புக்குச் சற்றுக் கீழான உயரத்தில் தரையில் ஆழப் பதித்தால், அதன் இரு பக்கமும் ஒவ்வொரு வண்டியைச் சாய்த்து, ஃபிரேமையும் ஒரு சக்கரத்தையும் சேர்த்தே குழாயோடு பூட்டலாம். ஒரு குழாய்க்கும் அடுத்த குழாய்க்கும் இடையே ஒரு மீட்டர் விட்டால் கைப்பிடிகள் ஒன்றோடொன்று சிக்காது. குழாயை நட்டு போல்ட் கொண்டு தரையில் முடுக்காமல் கான்கிரீட்டில் புதைக்க வேண்டும் என்பது முக்கியம். இல்லையென்றால் பூட்டை விட்டுவிட்டு போல்ட்டைக் கழற்றும் வழி திறந்துவிடும். எங்கள் கொட்டகையில் ஒரு மூலையில் மட்டும், ஒப்பந்ததாரரிடம் மிஞ்சிய குழாயிலோ என்னவோ, இப்படி ஆறு ‘ப’க்கள் இருக்கின்றன. காலை எட்டு மணிக்கு முன்பே அந்த மூலை நிரம்பிவிடுவதைப் பார்த்தாவது நிர்வாகம் மாணவர்களின் விருப்பத்தைப் புரிந்துகொண்டிருக்கலாம்.

கம்பிகள் கைவிட்ட இடத்தில் காப்பாற்றுவது காவலரும் அவருடைய டோக்கனும்தான். புறநகர் ரயில் நிலையங்களின் சைக்கிள் ஸ்டாண்டு முறையை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்: எண் பொறித்த பிளாஸ்டிக் வில்லைகள் இரண்டு, ஒன்று கைப்பிடியில் தொங்கும், மற்றொன்று நம் கையில் இருக்கும். வெளியே எடுக்கும்போது இரண்டும் ஒத்துப்போக வேண்டும். வாசலில் ஒரு மர ஸ்டூலின்மேல் நீள நோட்டு, அதில் நூலால் கட்டிய பால்பாயிண்ட் பேனா. டோக்கன் தொலைத்தவர்கள் அறை எண்ணை எழுதிக் கையெழுத்திட்டு, அடையாள அட்டையைக் காட்டிய பிறகே வண்டியை நகர்த்த முடியும். பகல் நேரக் காவலர் ஐம்பதைத் தாண்டியவர்; மாணவர்கள் அவரை அண்ணே என்றுதான் அழைக்கிறார்கள். தேர்வுக்குத் தாமதமாகிவிட்டது என்று கெஞ்சிய ஒரு மாணவரிடம், “தம்பி, உன்னைத் தெரியும், உன் வண்டியையும் தெரியும். டோக்கன் இல்லாம விட்டா நாளைக்கு வேற ஒருத்தன் இதையேதான் சொல்லுவான்” என்று அவர் மறுத்ததை அருகில் நின்று கேட்டேன். அந்த மாணவருக்கு எரிச்சலாகத்தான் இருந்திருக்கும். எனக்கு என் வண்டியைப் பற்றிய கவலை அன்றோடு பாதி குறைந்தது.

மீதிப் பாதி இரவு பத்து மணிக்குத் தொடங்குகிறது. அந்த நேரத்திற்குப் பிறகு காவலர் விடுதியின் பிரதான வாசலுக்கு மாற்றப்படுகிறார். கொட்டகையின் கதவுக்கு ஒரு பூட்டுப் போட்டு, சாவியைப் பிரதான வாசலில் மாட்டிவைக்கிறார்கள். ஆய்வகத்திலிருந்து நள்ளிரவில் திரும்புகிறவர்கள் சாவியை வாங்கித் திறந்து, தாங்களே மூடிவிட்டு வர வேண்டும். எல்லோரும் மூடுவதில்லை. கண்காணிப்புக் கேமரா இரண்டு இருக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் ஒன்று வாசலையும் மற்றொன்று, காரணம் புரியாத வகையில், மெஸ் பக்கத்துச் சுவரையும் பார்க்கிறது. உள்வரிசைகளில் விளக்கு மங்கல்.

முன்கூட்டியே தடுப்பதில் இவ்வளவு கறாராக இருக்க வேண்டுமா என்று தோன்றலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவைப் பார்த்தால் அந்த எண்ணம் மாறும். திருட்டுப் போன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, திருடியவர் முதல்முறை குற்றவாளியாக இருந்து, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், சமூக சேவைதான் தண்டனை. மதிப்பு அவ்வளவுக்குள் இருக்கும் திருட்டை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் காவல்துறை தானாகப் புலனாய்வு செய்யவும் இயலாது. விடுதியில் நிற்கும் பழைய சைக்கிள்களில் பெரும்பாலானவை இந்த வரம்புக்குள்தான் வரும். புகார் கொடுக்கப் போனால், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பி வருவதே வழக்கம். சட்டத்தைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை; மூவாயிரம் ரூபாய் வண்டி தொலைந்தால் அது திரும்பாது என்ற கணக்கோடுதான் நிறுத்துமிடத்தை வடிவமைக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். வண்டி வாங்கிய ரசீதையும், பெடல் அச்சுக்கு அடியில் பொறித்திருக்கும் ஃபிரேம் எண்ணின் படத்தையும் கைப்பேசியில் வைத்திருப்பது நல்லது. விடுதி அலுவலகம் பதிவின்போது வண்டியின் நிறத்தையும் கம்பெனிப் பெயரையும் மட்டும் கேட்கிறது. ஒரே நிறத்தில் ஒரே கம்பெனி வண்டிகள் எத்தனை நிற்கின்றன என்பதை உள்ளே ஒரு முறை எட்டிப் பார்த்தாலே தெரியும்.

கட்டணம் கட்டியும் சில நாட்களில் இடம் கிடைக்காமல் போவதற்கு யாருக்கும் சொந்தமில்லாத வண்டிகளே காரணம். படிப்பு முடிந்து ஊருக்குப் போகிறவர்கள் சைக்கிளை விட்டுவிட்டுப் போகிறார்கள். காற்று இறங்கிய டயரும் ஒட்டடை படிந்த சீட்டுமாக அவை வரிசைக்கு வரிசை நிற்கின்றன. மற்றவர்கள் அவற்றிலிருந்து பெடலையும் பெல்லையும் கழற்றிக்கொள்கிறார்கள், அதைத் திருட்டு என்று யாரும் நினைப்பதுமில்லை. ஆண்டு இறுதியில் எச்சரிக்கைச் சீட்டு ஒட்டி, ஒரு மாதம் காத்திருந்து, பிறகு ஏலம் விடுவோம் என்று அறிவிப்புப் பலகையில் எழுதியிருக்கிறார்கள். சீட்டுகள் ஒட்டப்பட்டதைப் பார்த்தேன். ஏலம் நடந்ததாகத் தெரியவில்லை. விடுதியைக் காலி செய்யும் படிவத்தில் ‘சைக்கிள் எடுத்துச் செல்லப்பட்டது’ என்று ஒரு வரி சேர்த்து, அதைச் சரிபார்த்த பிறகே முன்பணத்தைத் திருப்பித் தந்தால் இந்தத் தொல்லை ஒரே ஆண்டில் தீரும்.

சிறிய வசதிகளைப் பொறுத்தவரை, வாசலருகே சங்கிலியால் கட்டிய கால் பம்பு இன்னமும் வேலை செய்கிறது. பஞ்சர் ஒட்டுபவர் வாரம் ஒருமுறை வளாகத்திற்குள் வருகிறார். மின்சார சைக்கிளுக்கு மின்னேற்ற வசதி எதுவும் கிடையாது. பேட்டரியை அறைக்குக் கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் சார்ஜ் போடுபவர்கள் இருக்கிறார்கள். லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் தங்கும் அறையில் என்ன ஆகும் என்பதை நினைத்தாவது, கொட்டகையின் வெளிச்சுவரில் நான்கு பிளக் வைத்துக் கொடுப்பது அவசரத் தேவை.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்று தருவேன். 300 ரூபாய்க்கு மழையிலிருந்து பாதுகாப்பு மட்டும் கிடைத்தாலும் அது நியாயமான பேரம்தான். சாதாரண சைக்கிள் வைத்திருப்பவர்கள் தயங்காமல் பதிவு செய்யலாம். வளையப் பூட்டோடு ஒரு கனமான சங்கிலிப் பூட்டையும் வாங்கி, பின்சக்கரத்தையும் ஃபிரேமையும் சேர்த்துக் கட்டிவிடுங்கள். மெல்லிய கேபிள் பூட்டை நம்ப வேண்டாம், சாதாரணக் கட்டருக்கே அது அறுந்துவிடும். விலை உயர்ந்த வண்டி வைத்திருப்பவர்களுக்கு அந்த ஆறு ‘ப’க்களில் இடம் கிடைத்தால் சரி, கிடைக்காத இரவுகளில் வார்டனிடம் எழுத்துமூலம் அனுமதி பெற்று, வண்டியை அறை முன்னுள்ள வராந்தாவில் நிறுத்துவதே நல்லது. எங்கள் வார்டன் கேட்டவர்களுக்கு மறுத்ததில்லை. இடுக்குக் கம்பிகளில் ஒரு வரிசையையாவது எடுத்துவிட்டுக் குழாய் பதிக்கும்படி மாணவர் பிரதிநிதிகள் கொடுத்த மனு பராமரிப்புப் பிரிவில் இருக்கிறது. அந்த வரிசை மாறும் நாளில் மூன்றை நான்காகத் திருத்தி எழுதத் தயாராக இருக்கிறேன்.